அவசரநிலை முடிந்தது, அவசியம் முடியவில்லை

கோவிட் கால நிதியிலிருந்து மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வழங்கிவந்த 1,140 கோடி டாலர் மானியங்களை அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2025 மார்ச் இறுதியில் இரத்துச் செய்தது. பெருந்தொற்று முடிந்துவிட்டது, இல்லாத நோய்க்காக மக்களின் வரிப்பணத்தை விரயமாக்க முடியாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 23 மாநிலங்கள் நீதிமன்றம் சென்றன. ரோட் ஐலண்டிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அம்மாநிலங்களின் அளவில் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. வழக்குத் தொடுக்காத மாநிலங்களுள் ஒன்று டெக்சாஸ். அங்கு டாலஸ் மாவட்டத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடுப்பூசி முகாம்கள் கைவிடப்பட்டன. தடுப்பூசி விகிதம் குறைந்திருந்த பள்ளிகளில் நடக்கவிருந்த முகாம்களும் அவற்றுள் அடங்கும். அதே டெக்சாசின் மேற்குப் பகுதியில் அப்போது தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது அடங்குவதற்குள் 762 பேரை நோய் தாக்கியது; தடுப்பூசி போடப்படாத இரு குழந்தைகள் மாண்டனர். நோய் தலைகாட்டியது இந்த வெட்டுக்கு முன்பேதான். ஆனால் அது பரவிக்கொண்டிருக்கும்போதே தடுப்பதற்கான கைகள் வெட்டப்பட்டன.

கோவிட் நிதிக்கும் தட்டம்மைக்கும் என்ன தொடர்பு என்று ஆட்சியாளர்கள் கேட்கக்கூடும். தொடர்பு மிக எளியது. பரிசோதனைக் குச்சியைப் பிடித்த செவிலியரின் கையே தடுப்பூசியையும் போடுகிறது. ஒரு நோயைக் கண்காணிக்க அமைத்த கட்டமைப்பே அடுத்த நோயையும் கண்காணிக்கிறது. நோயின் பெயரால் நிதி ஒதுக்கி, நோயின் பெயரால் அதை முடித்துக்கொள்ளும் அரசு உண்மையில் முடித்துவைப்பது பொதுச் சுகாதாரக் கட்டமைப்பைத்தான். இதை விளங்கிக்கொள்ள, அக்காலத்தில் பெரும் அறிவிப்போடு தொடங்கி, பின்னர் ஓசையின்றி இழுத்து மூடப்பட்ட ஒரு திட்டத்தைப் பார்த்தாலே போதும். பள்ளிகளில் கோவிட் பரிசோதனை நடத்துவதற்கான ஆதரவுத் திட்டமே அது.

திட்டம் இயங்கிய விதம்

2021 மார்ச் 11 அன்று கையெழுத்தான மீட்புச் சட்டம் 1.9 இலட்சம் கோடி டாலர் செலவுக்கு வழிவகுத்தது. அதிலிருந்து 1,000 கோடி டாலர், பள்ளிகளில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பரிசோதிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. நிதி மாநிலச் சுகாதாரத் துறைகளின் வழியே பள்ளிகளைச் சென்றடைந்தது. எளிய சோதனைகளை நடத்துவதற்கான ஆய்வகச் சான்றைப் பள்ளிகள் பெற்றன. தற்காலிக ஊழியர்கள் அமர்த்தப்பட்டனர். ஒரு வகுப்பின் மாணவர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஒரே குழாயில் இட்டு மொத்தமாகச் சோதித்து, தொற்று தென்பட்டால் மட்டும் தனித்தனியே சோதிக்கும் முறை பல மாநிலங்களில் நடைமுறைக்கு வந்தது. குறைந்த செலவில் நிறையக் குழந்தைகளைக் கண்காணிக்க அது உதவியது.

தொற்றாளருடன் பழகிய மாணவரை வீட்டுக்கு அனுப்பாமல், அடுத்தடுத்துச் சோதித்து வகுப்பிலேயே வைத்திருக்கும் முறையும் பின்பற்றப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் லேக் மாவட்டத்திலும் கிடைத்த அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, 2021 டிசம்பர் 17 அன்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் இம்முறைக்கு ஒப்புதல் அளித்தது. இதனால் பயனடைந்தவர் யாரென்பது முக்கியம். வீட்டிலிருந்து கணினியில் பணிபுரியும் பெற்றோர், பிள்ளை பத்து நாள் வீட்டிலிருந்தாலும் சமாளித்துக்கொள்வர். பேருந்து ஓட்டுநரும், கிடங்குத் தொழிலாளியும், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரும் அந்தப் பத்து நாளுக்கு ஊதியத்தை இழப்பர். அல்லது பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வர். பள்ளியில் நடந்த பரிசோதனை, முதலாவதாக உழைக்கும் குடும்பங்களின் தேவை.

பெருந்தொற்றுக்கு முன் அந்நாட்டுப் பள்ளிகளில் நான்கில் ஒன்றில் செவிலியரே இல்லை. முழுநேரச் செவிலியர் இருந்த பள்ளிகள் ஏறத்தாழ பத்தில் நான்கு. உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் பள்ளிச் சுகாதார நிலை அதுதான். 1,000 கோடி டாலர் வந்திறங்கிய இடம் அத்தகைய பாலைநிலம்.

கொடுத்தது யார், பெற்றது யார்

இத்திட்டம் ஆட்சியாளர்களின் கருணையால் மட்டும் இயங்கியது என எண்ணுவது பிழை. அயோவா மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர், பள்ளிப் பரிசோதனைக்கென வந்த 9.5 கோடி டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டதாக 2021 ஏப்ரலில் தொலைக்காட்சியில் பெருமையோடு அறிவித்தார். குழந்தைகளுக்கான பணத்தைத் திருப்பியனுப்புவது அரசியல் சாதனையாக முன்வைக்கப்பட்டது.

ஜனநாயகக் கட்சி ஆண்ட சிகாகோ நகரத்தின் கதை வேறு வகையானது. 2021 குளிர்கால விடுமுறையில் அந்நகரின் அரசுப் பள்ளி நிர்வாகம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பரிசோதனைப் பெட்டிகளை மாணவர்களிடம் வழங்கி, மாதிரி எடுத்துக் கூரியரில் அனுப்பச் சொன்னது. கூரியர் பெட்டிகள் நிரம்பி வழிந்து, மாதிரிகள் வெளியே குவிந்து கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. அவ்வாரம் பதிவான 35,590 பரிசோதனைகளில் 24,843 செல்லாதவையாயின. பத்துக்கு ஏழு வீண். ஒமைக்ரான் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த நிலையில் பள்ளிகளைத் திறக்குமாறு ஆசிரியர்களுக்கு உத்தரவிடப்பட்டது.

சிகாகோ ஆசிரியர் சங்கம் மறுத்தது. போதிய பரிசோதனையும் பாதுகாப்பும் உறுதியாகும்வரை இணையவழியில் கற்பிப்போம் என்று 2022 ஜனவரி 4 இரவு வாக்களித்து முடிவெடுத்தது. நிர்வாகம் இணையவழி வகுப்புக்கான கணக்குகளையே முடக்கி ஆசிரியர்களை வெளியே நிறுத்தியது. ஐந்து பள்ளி நாட்கள் வகுப்புகள் நடைபெறவில்லை. இறுதியில் கூடுதல் பரிசோதனைக்கும், தொற்று எந்த அளவை எட்டினால் பள்ளியை இணையவழிக்கு மாற்றுவது என்பதற்கும் ஒப்பந்தம் கண்ட பின்னரே மோதல் தீர்ந்தது. சிகாகோ மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பிய அதே ஜனவரி 12 அன்று, மாதந்தோறும் கூடுதலாக ஒரு கோடிப் பரிசோதனைகளைப் பள்ளிகளுக்கு வழங்கப்போவதாகப் பைடன் அரசு அறிவித்தது. ஆசிரியர்களைப் பிடிவாதக்காரர்கள் எனத் தூற்றிய ஏடுகள், அவர்கள் கேட்டது நியாயமான பாதுகாப்பே என்பதைப் பின்னர் எழுதவில்லை.

சந்தை வைத்த கணக்கு

பணம் ஒதுக்கப்பட்டிருந்தும் பரிசோதனைப் பெட்டிகளுக்கு ஏன் தட்டுப்பாடு? இதற்கான விடை உற்பத்தி யார் கையில் இருந்தது என்பதில் அடங்கியுள்ளது. விரைவுப் பரிசோதனை அட்டைகளைத் தயாரித்த முன்னணி நிறுவனங்களுள் ஒன்று அபாட். 2021 கோடையில் தொற்று தணிந்து விற்பனை சரிந்தபோது, அந்நிறுவனம் உற்பத்தியைச் சுருக்கித் தொழிலாளர்களை வெளியேற்றியது. மேய்ன் மாநில ஆலையில் பரிசோதனை அட்டைகளை அழிக்குமாறு தொழிலாளர்களே பணிக்கப்பட்டதாக அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது. நன்கொடையாகவும் வழங்க இயலாத பொருள்களே அவை என நிறுவனம் விளக்கமளித்தது. சில மாதங்களில் ஒமைக்ரான் வந்தது. மருந்துக் கடைகளின் அலமாரிகள் காலியாயின.

விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஒரு முதலாளியின் தனிப்பட்ட தீய குணம் இங்குக் கேள்வியல்ல. தொற்று தணியும்போது கையிருப்பைப் பெருக்க வேண்டும் என்பது சுகாதாரத்தின் நியதி. தணியும்போது உற்பத்தியைச் சுருக்க வேண்டும் என்பது இலாபத்தின் நியதி. இரண்டும் ஒரே ஆலையில் ஒத்திருக்க முடியாது. மக்கள் பணத்தில் கொள்முதல் செய்யும் அரசு, உற்பத்தியைத் தனியாரிடம் விட்டுவைக்கும்வரை, ஒவ்வொரு அலையின்போதும் காலி அலமாரியையே சந்திக்கும்.

கணக்கு முடிப்பு

பள்ளிப் பரிசோதனைத் திட்டம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் மாநிலம் மாநிலமாகச் சுருட்டப்பட்டது. பெட்டிகள் கோருவதற்குக் கடைசித் தேதி குறிக்கப்பட்டது. தனியார் ஆய்வகங்களோடு செய்த ஒப்பந்தங்கள் முடிவுக்கு வந்தன. எஞ்சிய பெட்டிகளைக் கணக்கில் காட்டவும், செலவு விவர அறிக்கையை அனுப்பவும் பள்ளிகள் பணிக்கப்பட்டன. தற்காலிக ஊழியர்கள் விடைபெற்றனர். பள்ளிகள் பெற்ற ஆய்வகச் சான்றைப் புதுப்பிக்கக் காரணம் இல்லாமற்போயிற்று. யாரும் எதிர்க்காத, செய்தித்தாளில் ஒரு பத்தியும் பெறாத நிர்வாக நடவடிக்கைகள் இவை. பொதுக் கட்டமைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் சாகின்றன: சட்டமன்றத்தில் விவாதம் நடந்தல்ல, கடைசித் தேதி முடிந்து.

2023 மே 11 அன்று பைடன் அரசு பொதுச் சுகாதார அவசரநிலையை முடித்துக்கொண்டது. அடுத்த மாதம் இரு கட்சிகளும் கைகோத்து நிறைவேற்றிய கடன் உச்சவரம்புச் சட்டம், செலவிடப்படாத கோவிட் நிதியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அதே சட்டம் 2024 நிதியாண்டின் இராணுவச் செலவுக்கு 88,600 கோடி டாலரை உறுதிசெய்தது. நாடு முழுமைக்குமான பள்ளிப் பரிசோதனைத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு, அந்த இராணுவச் செலவின் நான்கு நாள் கணக்கு. சிக்கனம் யாருக்கு, தாராளம் யாருக்கு என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்ட இயலாது. ஜனநாயகக் கட்சி ஆட்சி தாழிட்ட கதவை, 2025-ல் டிரம்ப் ஆட்சி நிலையோடு பெயர்த்தெடுத்தது. இரண்டிற்கும் வேகத்தில் வேறுபாடு உண்டு, திசையில் இல்லை.

மூன்று எதிர்வாதங்கள்

இக்கட்டமைப்பு மூடப்பட்டதை நியாயப்படுத்துவோர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர்.

தொற்று தணிந்தபின் நலமாயுள்ள குழந்தைகளின் மூக்கில் வாரந்தோறும் குச்சியை நுழைப்பது எதற்கு என்பது முதலாவது. இக்கேள்வியில் நியாயம் உண்டு. பெருந்திரள் பரிசோதனை என்றென்றும் நீடிக்க வேண்டுமென எந்த இடதுசாரியும் கோரவில்லை. குச்சியை நிறுத்தலாம், குச்சியைப் பிடித்தவரை ஏன் வெளியேற்ற வேண்டும்? தீ அணைந்தால் நீரை நிறுத்துவர். தீயணைப்பு நிலையத்தை இடிப்பதில்லை. பயிற்சி பெற்ற ஊழியரும் ஆய்வகத் தொடர்பும் பள்ளிக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையே உருவான தகவல் பாதையும் தட்டம்மைக்கும் ஆஸ்துமாவுக்கும் குழந்தைகளின் மனநலத்துக்கும் பயன்படக்கூடியவை.

ஒருமுறை நிதி என்று தெரிந்தே மாநிலங்கள் வாங்கின, முடிந்தபின் முறையிடலாமா என்பது இரண்டாவது. நிதியை ஒருமுறை நிதியாக வகுத்தவர் யார்? நிலையான தேவைக்குத் தற்காலிகப் பணம் தருவதென்பது நிர்வாகத் தற்செயல் அன்று. அது ஒரு கொள்கை. தற்காலிக நிதி தற்காலிக ஊழியரை உருவாக்கும். தற்காலிக ஊழியருக்குச் சங்கம் அமைப்பது கடினம். சங்கமற்ற ஊழியரை வெளியேற்றுவது எளிது. நவதாராளமயம் மக்கள்நலச் செலவைச் செய்ய நேரும்போதெல்லாம் இந்த வடிவத்தையே தேர்ந்துகொள்கிறது.

குழந்தைகளைக் கோவிட் கடுமையாகத் தாக்கவில்லை, எனவே அத்திட்டமே வீண் என்பது மூன்றாவது. பள்ளி என்பது குழந்தைகள் மட்டும் இருக்குமிடம் அன்று. ஆசிரியரும், சமையல் ஊழியரும், வாகன ஓட்டுநரும், மாலையில் பிள்ளை திரும்பிச் செல்லும் வீட்டிலுள்ள பாட்டியும் சேர்ந்ததே பள்ளி. நெரிசலான வீடுகளில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் குடும்பங்கள் உழைக்கும் வர்க்கத்திலேயே மிகுதி.

பரிசோதனையோடு போனவை

மூடப்பட்டது பரிசோதனை மட்டுமல்ல என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை அமெரிக்கக் குடும்பங்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 250 முதல் 300 டாலர் வரை வழங்கப்பட்டது. அவ்வாண்டு குழந்தைகளின் வறுமை விகிதம் 5.2 விழுக்காடாக வீழ்ந்தது. அந்த உதவி நிறுத்தப்பட்ட 2022-ல் அது 12.4 விழுக்காடாக எகிறியது. எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் கட்டணமின்றி உணவளிக்க இடமளித்த தளர்வு 2022 ஜூன் 30-ல் முடிந்தது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து யாரையும் நீக்கக்கூடாது என்ற கோவிட் கால விதி 2023-ல் விலக்கப்பட்டபின், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள்.

வறுமை ஒழிக்க முடியாத விதியன்று. ஓர் அரசாணையால் பாதியாகக் குறைக்கத்தக்கது என்பதை இந்த ஒன்றரை ஆண்டு அனுபவம் மெய்ப்பித்தது. ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியது செலவைவிட இந்த உண்மையே. மக்கள் இதற்குப் பழகிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

தொழிலாளர் குடியிருப்புகளில் பிறக்கும் கொள்ளைநோய் முதலாளிகளின் வீதிகளுக்கும் பரவும்போதுதான் ஆளும் வர்க்கத்துக்குச் சுகாதார அக்கறை பிறக்கிறது என்பதை எங்கெல்ஸ் 1872-ல் குடியிருப்புப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளில் சுட்டிக்காட்டினார். அச்சம் தணிந்ததும் அக்கறையும் தணியும் என்பது அதன் மறுபக்கம். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை.

இந்தியாவில் மூடுவதற்கே எதுவும் இல்லை

இதே கணக்கு இந்தியாவில் இன்னும் கொடிய வடிவில் செயல்பட்டது. தேசிய அளவில் பள்ளிப் பரிசோதனைத் திட்டம் என்ற ஒன்றே இங்கு இருக்கவில்லை. ஒன்றிய அரசு தேர்ந்துகொண்ட மலிவான வழி, பள்ளிகளைப் பூட்டுவது. யுனெஸ்கோ கணக்கின்படி ஏறத்தாழ 82 வாரங்கள் இந்தியப் பள்ளிகள் முழுமையாகவோ பகுதியாகவோ மூடிக்கிடந்தன. உலகிலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று இது. பள்ளிகளைப் பாதுகாப்பாகத் திறக்கக் காற்றோட்டமும் தண்ணீரும் கழிப்பறையும் பரிசோதனையும் தேவைப்பட்ட 2021-22 நிதிநிலை அறிக்கையில், கல்வி அமைச்சகத்தின் ஒதுக்கீடு முந்தைய ஆண்டு அறிவித்த 99,311 கோடி ரூபாயிலிருந்து 93,224 கோடியாக வெட்டப்பட்டது.

பரிசோதனையும் தொடக்கத்திலேயே சந்தைச் சரக்காக்கப்பட்டது. 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகங்களுக்கு ஒரு பரிசோதனைக்கு 4,500 ரூபாய் வரை வாங்க அனுமதி அளிக்கப்பட்டது. பரிசோதனை அனைவருக்கும் இலவசம் என்று ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஐந்தே நாளில், ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளுக்கும் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கும் மட்டும் என்று அது சுருங்கியது. பூட்டடங்கில் வேலையிழந்து, எந்த அட்டையும் இல்லாமல் நடந்த புலம்பெயர் தொழிலாளி எந்தப் பட்டியலில் சேருவார் என்பதற்கு விடை இல்லை.

ஆசிரியர்களின் நிலையை உத்தரப்பிரதேசம் காட்டிற்று. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலையின் நடுவே அவர்கள் பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டனர். அதன் விளைவாக 1,621 ஆசிரியர்களும் கல்வித்துறை ஊழியர்களும் மாண்டதாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் வெளியிட்டது. மூவர் மட்டுமே என்றது மாநில அரசு. கொதிப்பு எழுந்தபின் இழப்பீட்டு விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. சிகாகோவில் ஆசிரியர்கள் பணிக்கு முன் கேட்டதை, இங்கு ஆசிரியர்களின் குடும்பங்கள் இறப்புக்குப் பின் கேட்டன.

ஊழியர்களைக் கழற்றிவிடுவதில் மட்டும் இந்தியா பின்தங்கவில்லை. பெருந்தொற்றில் வீடுவீடாக ஏறியிறங்கிய பத்து இலட்சம் ஆஷா ஊழியர்களுக்கு 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் விருது கிடைத்தது. ஒன்றிய அரசு பாராட்டியது. தொழிலாளர் என்ற தகுதியை மட்டும் தரவில்லை. கோவிட் பணிக்கென எடுக்கப்பட்ட ஒப்பந்த ஊழியர்கள் மாநிலம் மாநிலமாக அனுப்பப்பட்டனர். தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிவதாக அறிவிக்கப்பட்டு, அவர்கள் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது.

பள்ளிக் குழந்தைகளின் உடல்நலத்துக்கென இந்தியாவில் ஒரு திட்டம் ஏற்கெனவே உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும். அதன் ஊழியர்கள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் உழல்கின்றனர். 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டமோ பள்ளிக்கு இரு ஆசிரியர்களை ‘நலத் தூதர்’களாக்கியது. செவிலியர் தேவைப்படும் இடத்தில், ஏற்கெனவே பணிச்சுமையில் அழுந்தும் ஆசிரியருக்கு ஒரு பட்டம். சுகாதாரத்துக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025-க்குள் செலவிடுவதாக 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. பெருந்தொற்று உச்சத்திலிருந்த 2021-22-ல்கூட மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து செலவிட்டது 1.84 விழுக்காடு. மக்கள் தம் கையிலிருந்து செலவிட்டது மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு.

மாற்று இருக்கிறதா என்று கேட்போர் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கு 2017 முதல் இடது ஜனநாயக முன்னணி அரசு ‘ஆர்த்ரம்’ இயக்கத்தின் மூலம் ஆரம்பச் சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக உயர்த்தியது. பெருந்தொற்றை எதிர்கொள்ளவும், 2021 நவம்பர் 1-ல் பள்ளிகளைத் திறக்கவும் உள்ளாட்சிகளோடு பிணைந்த அந்த நிலையான அமைப்பே தாங்கியது. அவசரநிலைக்கு முன்பே இருந்த அமைப்புத்தான் அவசரநிலையில் உதவும்.

செய்ய வேண்டியது

இந்த அனுபவங்களிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. சிறார் நலத்திட்ட ஊழியர்களும், கோவிட் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும் நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பள்ளித் தொகுப்புக்கும் நிரந்தரச் செவிலியர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும். பரிசோதனைப் பெட்டிகள், தடுப்பூசிகள் ஆகியவற்றின் உற்பத்தியில் பொதுத்துறை வலுப்பெற வேண்டும். ஆஷா, அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்கள் தொழிலாளர்களாக அங்கீகரிக்கப்பட வேண்டும். வாக்களித்த 2.5 விழுக்காடு, முதற்படியாக, உடனே ஒதுக்கப்பட வேண்டும்.

இவை தீர்மானங்களில் உறங்கினால் பயனில்லை. சிகாகோவில் பரிசோதனையைப் பெற்றுத் தந்தது ஆசிரியர் சங்கம். அது மூடப்பட்டபோது எதிர்க்க, பெற்றோரையும் சுகாதார ஊழியரையும் இணைத்த இயக்கம் நாடெங்கும் எழவில்லை. இந்தியாவில் அந்த இணைப்பைக் கட்டுவது கட்சிக் கிளைகளின் பணி. கிளையின் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிக்கு நடமாடும் மருத்துவக் குழு கடைசியாக வந்தது எப்போது, குழுவில் எத்தனை இடம் காலி, கண்டறியப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைத்ததா என்ற மூன்று கேள்விகளோடு தொடங்கலாம். விடைகளை ஆசிரியர், மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளின் தோழர்கள் சேர்ந்து திரட்டி, கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் மக்கள்முன் வைக்க வேண்டும். அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை யாரும் அறியார். அது வரும்போது பள்ளி வாசலில் ஒரு செவிலியர் நிற்பாரா, ஒரு பூட்டுத் தொங்குமா என்பதை இந்தப் பணிதான் தீர்மானிக்கும்.